நாளிதழ் நடையும் வேட்பாளர் நிலையும்: 2002ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தல்

செய்தித்தாள்கள் ஒருபாற் கோடுதலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பொய்ச் செய்தியையே மனத்திற் கொண்டு பேசுகின்றனர். பொய்யைக் கண்டறிதல் எளிது; மறுத்தலும் எளிது. கூறியன யாவும் மெய்யாகவே இருந்தும் கோட்டம் நிகழ்தல் உண்டு. பெயருக்கு முன் வைக்கும் அடையிலும், செய்தி பெறும் இடத்திலும், கூறாது விடுத்தலிலும் அது மறைந்து நிற்பது. இக்கட்டுரைக்கண் யாம் ஆராயப் புகுவது அவ்வகைக் கோட்டத்தையே. அதற்கு 2002ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடைபெற்ற குடியரசுத் தலைவர் தேர்தலை எடுத்துக்கொள்கின்றோம். அத்தேர்தலிற் களம் நின்றோர் இருவரே. இருவரும் தமிழகத்திற் பிறந்தோர். இருவரும் மதுரை வட்டாரத்தோடு ஏதேனும் ஒருவகையில் தொடர்புடையோர்.

அவருள் ஒருவர் அப்துல் கலாம். 1931இல் இராமேசுவரத்திற் பிறந்து, இராமநாதபுரத்துச் சுவார்ட்சு பள்ளியிற் பயின்றவர். இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல்தான். அதற்கு முன் அது மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. மற்றொருவர் மருத்துவர் இலட்சுமி சாகல். 1914இற் சென்னையிற் பிறந்து, 1938இற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, 1943இற் சிங்கப்பூரில் நேதாசியின் இந்திய தேசியப் படையிற் சேர்ந்து, சான்சி ராணி படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். அப்பிரிவிற் சேர்ந்த பெண்களுட் பலர் மலேயாவின் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பத்தினர். இவர்தம் அன்னையார் அம்மு சுவாமிநாதன் 1952இல் திண்டுக்கல் தொகுதியினின்றும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப் பெற்றவர். திண்டுக்கல் அக்காலத்து மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது.

எனவே, மண்ணுரிமை என்பதை ஓர் அளவுகோலாகக் கொள்வதாயின், இருவர்க்கும் அஃது உண்டு. ஆயினும், தமிழ் நாளிதழ்களில் 'மண்ணின் மைந்தர்' எனும் தொடர் ஒருவருக்கே உரியதாயிற்று. இத்தொடரைச் சற்றே நோக்குதல் தகும். ஆங்கிலத் தொடரொன்றன் பெயர்ப்பாக நம்மிடை வழங்குவது இது. 'மைந்து' எனின் வலிமை. அதனடிப் பிறந்த 'மைந்தர்' என்பது பண்டை வழக்கில் ஆடவரையே குறித்து, மகளிர் என்பதற்கு இணையாய் நின்றது. 'மண்ணின் மகள்' எனத் தலைப்பிடுவதைத் தடுக்கும் இலக்கண விதி யாதும் இல்லை. ஆயினும், தலைப்பு எழுதுவோர் வழக்கிற் கிடந்த தொடரையே எடுத்தாள்வர். வழக்கிற் கிடந்ததோ ஆண்பாற் சொல். ஒருவரையும் இகழாமல், ஒரு பொய்யும் உரையாமல், ஒரு வேட்பாளர் மண்ணுக்கு அயலாராயினார்.

அடைமொழிகளும் இவ்வாறே. கலாம் 'ஏவுகணை நாயகர்' எனப்பட்டார்; 'இந்தியா 2020' எனும் நூலின் ஆசிரியர் எனப்பட்டார். இவை வருங்காலத்தை நோக்கும் அடைகள். இலட்சுமி சாகலுக்கு வாய்த்தவை 'நேதாசி படையின் வீராங்கனை', 'கேப்டன் இலட்சுமி' என்பன. இவை பெருமை தருவனவே. ஆயினும் 1943ஆம் ஆண்டோடு அவரைப் பிணித்து நிறுத்துவன. அதன்பின் ஐம்பதாண்டுகளுக்கு மேல் கான்பூரில் ஏழை மக்களுக்கு மருத்துவம் பார்த்து வந்ததும், 1984இற் போபாலில் நச்சுவாயுவால் துன்புற்றோர்க்கு உதவச் சென்றதும் அவ்வடைகளுள் அடங்கா. (மதுரைத் தெருக்களில் 'கேப்டன்' என்று வாளா கூறின், அவ்வூரிற் பிறந்த திரைப்பட நடிகர் விசயகாந்தையே மக்கள் அக்காலத்து எண்ணினர் என்பதையும் ஈண்டு நினைத்தல் வேண்டும்.)

நாளிதழ்களுக்குக் கலாமின்பால் அன்பு மிகுந்ததற்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் புகைவண்டியினின்றும் வீசப்பட்ட செய்தித்தாட் கட்டுகளைச் சேர்த்தெடுத்து உதவிய சிறுவர் அவர். தம் வாழ்க்கை வரலாற்றில் அதனை அவரே எழுதியுள்ளார். தாள் சுமந்த சிறுவர் நாட்டின் தலைமை எய்துவதைக் காட்டிலும் இதழாளர் உள்ளத்தை ஈர்க்கும் கதை வேறு யாது? அக்கதை மெய்க்கதை, எழுதத் தக்கதும் ஆகும். அது நிறைத்த இடத்தில் மற்றவர் கதைக்கு இடமின்றிப் போயிற்று என்பதே யாம் கூறுவது.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். வெற்றி எவர்க்கு என்பது முன்னரே தெரிந்தது. அன்று நடுவண் அரசை ஆண்ட கூட்டணியும், காங்கிரசும், தமிழகத்தின் இருபெருங் கழகங்களும் கலாமை ஆதரித்தன. இடதுசாரிக் கட்சிகள் மட்டுமே இலட்சுமி சாகலை நிறுத்தின. முடிவில் கலாம் பெற்ற வாக்கு மதிப்பு 9,22,884. அவர் பெற்றது 1,07,366. வெல்வாரைப் பற்றி மிகுதியாக எழுதுதல் செய்தி முறையே. கோட்டம் ஆகாது என்பர்.

இத்தடை ஓரளவே பொருந்தும். 1969இல் வி. வி. கிரியும் சஞ்சீவ ரெட்டியும் போட்டியிட்டபோது முடிவு இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணிய பின்னரே தெளிந்தது. அத்தகைய தேர்தலில் எவர் வெல்வார் என்பதே செய்தி. 2002இல் நிலை வேறு. தாம் வெல்லப் போவதில்லை என்பதை எண்பத்தேழு அகவையினராகிய இலட்சுமி சாகல் வெளிப்படையாகவே கூறினார். வறுமையும் சமயப் பகைமையும் வளர இடந்தரும் அரசியலைப் பற்றி நாடெங்கும் பேசுதற்கே அவர் வேட்புமனுவைக் கருவியாகக் கொண்டார். வெல்லுதற்கு நிற்பவரின் செய்தி வெற்றி. பேசுதற்கு நிற்பவரின் செய்தி பேச்சு. அப்பேச்சை அச்சிடாது விடுத்து, தோற்பார் என்பதை மட்டும் அச்சிட்டால், அவர் நின்றதன் நோக்கமே அழிகின்றது.

மதுரைக்கு இதனால் நேர்ந்த குறை யாது? குடியரசுத் தலைவரை நேரே தேர்ந்தெடுக்கும் உரிமை பொதுமக்களுக்கு இல்லை. தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. நாடாளுமன்ற உறுப்பினரின் மதிப்பு அன்று 708. 1999இல் மதுரை மக்களவைத் தொகுதியில் வென்ற மோகனும், 2001இல் மதுரைக் கிழக்குச் சட்டமன்றத் தொகுதியில் வென்ற நன்மாறனும் மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியினர். இலட்சுமி சாகலை நிறுத்திய கட்சிகளுள் அஃது ஒன்று. ஆகவே, மதுரை மக்களின் பேராளர் இருவர் சார்ந்த கட்சியே அவரை முன்மொழிந்தது. தாம் அனுப்பிய உறுப்பினர் ஒருவரை ஏன் ஆதரிக்கின்றார் என அறிதற்கு மேலூர் உழவர்க்கோ, சிம்மக்கல் வணிகர்க்கோ இருந்த வழி நாளிதழ் ஒன்றே எனலாம். வாக்கில்லாதவர்க்குச் செய்தியே பங்கு. மதுரையில் இப்பங்கு பலர் கூடி நுகர்வது என்பதையும் மறத்தலாகாது. 1942இல் சி. பா. ஆதித்தனார் 'தந்தி'யை இம்மாநகரிலேயே தொடங்கினார். எளிய நடையும் பெரிய தலைப்புமாக வந்த அவ்விதழைத் தேநீர்க் கடைகளில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். அவ்வாறு கேட்போர் செவியிற் படுவன தலைப்பும் அடைமொழியும். உட்பக்கத்துச் சிறுபத்தியை உரக்கப் படிப்பார் அரியர்.

பிற நாட்டு நிலையும் ஒப்புநோக்கத் தக்கது. அமெரிக்க நாளிதழ்கள் பல, இன்னாரை ஆதரிக்கின்றோம் என ஆசிரியவுரையிற் பெயர் குறித்தே எழுதி வந்தன. 2024இல் வாசிங்டன் போசுட்டு அவ்வழக்கத்தைக் கைவிட்டபோது பெரும்பூசல் எழுந்தது. இலங்கையிலோ 1973இல் ஏரிக்கரை இதழ் நிறுவனம் அரசின் கைப்பட்டது. 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் அரசு ஊடகங்கள் ஆளுங் குடியரசுத் தலைவர்பாற் சாய்ந்தன எனத் தேர்தற் கண்காணிப்பாளர் குறை கூறினர். முன்னது அறிவித்த சார்பு. பின்னது அதிகாரத்தின் சார்பு. தமிழகத்தில் 2002இற் கண்டதோ இவ்விரண்டும் அன்று. அறிவிக்கவும் இல்லை, ஏவுவாரும் இல்லை, மொழி வழக்கும் ஊர்ப்பற்றும் சேர்ந்து தாமே விளைத்தது. ஏவினார் ஒருவர் இருப்பின் அவரைச் சுட்டலாம். இதில் அதுவும் இயலாமையின் இவ்வகையே களைதற்கு அரிதென எண்ணுகின்றோம்.

ஐந்தாண்டு கழித்து, 2007இற் பிரதிபா பாட்டீல் தேர்ந்தெடுக்கப் பெற்றபோது, 'பதி' என முடியும் இந்திப் பதவிப் பெயர் பெண்பாலுக்கு ஒக்குமோ என வடபுலத்தில் வாதம் நிகழ்ந்தது. தமிழ் நாளிதழ்களுக்கு அவ்விடர்ப்பாடு நேரவில்லை. 'குடியரசுத் தலைவர்' என்பது பலர்பால் ஈற்றால் ஒருவரை உயர்த்துக் கூறும் சொல்; தொல்காப்பியர் இவ்வகைச் சொல்லை வழக்கினால் அமைந்த உயர்சொல் எனக் குறித்துள்ளார். அஃது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒப்ப நிற்பது. 2002இலும் அச்சொல் அவ்விதழ்களின் அச்சுக்கோப்பில் இருந்தது. 'மைந்தர்' அதற்கு முன்னே வந்து நின்றார்.