மலையைக் கரைக்கும் மழை

அசையாமைக்கு மலையை உவமை கூறுதல் தமிழ் மரபு. நிலநூலாரோ மலையை ஓயாது மாறிக்கொண்டிருக்கும் பொருளாகவே காண்பர். தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பாக விளங்கும் தித்திவங்சா மலைத்தொடர் இதற்குத் தக்க சான்றாகும்.

அத்தொடரின் பெரும்பகுதி கிரானைட் என்னும் கருங்கல். மழைநீர், காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிப் பாறை வெடிப்புகளில் இறங்குகின்றது. கருங்கல்லிலுள்ள பெல்ஸ்பார் என்னும் கனிமம் அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் வெண்களிமண்ணாக மாறிவிடுகின்றது. (பீங்கான் செய்ய உதவுவது இக்களிமண்ணே.) குவார்ட்ஸ் மட்டும் மணலாக எஞ்சும். ஆண்டு முழுதும் வெப்பமும் மழையும் குன்றாத இந்நாட்டில், சில இடங்களில் 30 மீட்டருக்குங் கீழேதான் நல்ல பாறை தட்டுப்படும். சாலைக்காக வெட்டிய சரிவுகளில் செம்மண்ணுக்கிடையே உருண்டைப் பாறைகள் துருத்தி நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். அவை எங்கிருந்தோ உருண்டு வந்தவை அல்ல. சுற்றிலுமிருந்த பாறை மண்ணாகிவிட, கரையாமல் நின்ற எச்சங்கள்.

ஆயின், இம்மண்மலை செங்குத்தாக நிற்பது எங்ஙனம்? கடற்கரையில் மணல்வீடு கட்டும் சிறுவன் அறிந்ததே விடை. உலர்ந்த மணல் சரியும். ஈர மணல் நிற்கும். மணல் துகள்களுக்கிடையே உள்ள சிறிதளவு நீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கின்றது. அலை வந்து மூடினாலோ அப்பிடி அற்றுப்போகும். மலைச்சரிவின் நிலையும் இதுவே. துகள்களின் இடைவெளியில் காற்றும் நீரும் கலந்திருக்கும்வரை உறுதி உண்டு. இடைவெளி முழுதும் நீர் நிரம்பினால், இழுத்துப் பிடித்த நீரே துகள்களைப் பிரித்துத் தள்ளத் தொடங்கும்; மண்ணின் எடையும் கூடும். ஒருமணி நேரம் கொட்டும் கனமழையில் பெரும்பகுதி மேலே வழிந்தோடிவிடும். நாள் கணக்கிற் பெய்யும் அடைமழையே ஆழத்தில் இறங்குவது. மரவேர்கள் மேலடுக்கை ஒன்றிரண்டு மீட்டர் வரை தைத்துப் பிடிக்கும். அதனினும் ஆழத்தில் நிகழும் சரிவைத் தடுக்க அவற்றால் இயலாது.

1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் எனும் 12 மாடிக் கட்டடங்களுள் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டனர். அதற்குமுன் ஏறத்தாழப் பத்து நாள் மழை பெய்திருந்தது. மேற்புறக் குன்றில் காடு அழிக்கப்பட்டிருந்தது. ஓடை நீர் குழாய் வழியே திருப்பிவிடப்பட்டிருந்தது. பின்புறச் சரிவு இறங்கி அடித்தளத்தைத் தள்ளிற்று. 2022 டிசம்பர் 16ஆம் நாள் நள்ளிரவு கடந்து, பத்தாங் காலியில் சாலையோரச் சரிவு பெயர்ந்து, கீழே கூடாரமிட்டு உறங்கிய 31 பேரைப் புதைத்தது. முந்தைய நாள்களில் தொடர்ந்து பெய்த மழையே முதற்காரணம் என்றது விசாரணை அறிக்கை.

சரிவு பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. குன்றின் உச்சியில் பிறைவடிவ வெடிப்பு, நேராக நின்ற மரமோ வேலிக்கம்பமோ ஒருபுறம் சாய்தல், தடுப்புச் சுவர் புடைத்தல், கதவு சட்டத்தில் இறுகிக்கொள்ளுதல் ஆகியவை அதன் முன்குறிகள். நெடுநாள் தெளிவாகக் கசிந்த ஊற்று திடீரெனக் கலங்கினால், உள்ளே மண் நகரத் தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.