கோடையில் மதுரையை நடந்து பார்க்கலாமா?

மதுரையைக் காரில் போய்ப் பார்த்தால் கடைகளைத்தான் பார்க்கலாம். ஊரைப் பார்க்க வேண்டுமானால் நடக்க வேண்டும்.

ஆனால் சித்திரை, வைகாசியில் மதுரையில் நடப்பது விளையாட்டு அல்ல. வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். பழைய கணக்கில் 104 டிகிரி! பள்ளிக்கூட விடுமுறை அப்போதுதான் வருகிறது. சித்திரைத் திருவிழாவும் அப்போதுதான். குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து இறங்குகிறார்கள். உச்சி வெயிலில் சுற்றுகிறார்கள். பாதி ஊரைப் பார்ப்பதற்குள் குழந்தை துவண்டு விடுகிறது. பாட்டிக்குத் தலை சுற்றுகிறது.

ஊரின் மேல் குற்றம் இல்லை. இந்த வெயிலை நன்றாக அறிந்தவர்கள் கட்டிய ஊர் இது. அவர்கள் நிழல் வைத்த இடங்களைத் தெரிந்துகொண்டு புறப்பட்டால், ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

மாதங்களின் பெயரில் தெருக்கள்

நடுவிலே மீனாட்சி அம்மன் கோவில். மதிலுக்குள் ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. அடுத்து ஆவணி மூல வீதி. அதைச் சுற்றி மாசி வீதி. கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றும் கோவிலை நாலு பக்கமும் சுற்றி வருகிறது. வழி தவறினால் கோபுரத்தைப் பார்த்து நடந்தால் போதும்.

காலையில் கிழக்கு வரிசைக் கட்டடங்களை ஒட்டி நடங்கள். மாலையில் மேற்கு வரிசைக்கு மாறிக்கொள்ளுங்கள். நிழல் கூடவே வரும்.

மேல மாசி வீதியில் போகும்போது ஒரு வீட்டைப் பார்க்க மறக்காதீர்கள். 1921 செப்டம்பர் 22-ந் தேதி காந்தியடிகள் சட்டையையும் தொப்பியையும் துறந்து, முழங்கால் அளவுத் துண்டுக்கு மாறியது இந்த வீட்டில்தான். வெயிலுக்காக அல்ல. ஏழைகளுக்கு அதற்கு மேல் துணி இல்லை என்பதற்காக.

கல் சுடும்!

கோவிலுக்கு விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக முடியும். பத்து மணிக்கு மேல் ஆடி வீதிக் கல்லில் காலை வைத்தால் தெரியும் சேதி! கோடையில் தேங்காய் நார் விரிப்பு போடுகிறார்கள். அதை விட்டு விலகாதீர்கள். சின்னக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள்.

வெளியே அனல் அடித்தாலும் ஆயிரங்கால் மண்டபத்துக்குள் குளுமைதான். பெயர் ஆயிரங்கால். எண்ணினால் 985 தூண்! பொற்றாமரைக் குளத்தைச் சுற்றியுள்ள மண்டபத்தில் ஏழை எளியவர்கள் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஒரு காலத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் மதிலுக்கு வெளியே வெயிலில்தான் நிற்க வேண்டும். 1939 ஜூலை 8-ந் தேதி மதுரை வைத்தியநாத அய்யர் அவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். இந்த நிழல் அவர்களுக்கும் கிடைத்தது அன்றைக்குத்தான்.

பகல் 12½ மணி வாக்கில் நடை சாத்திவிடுவார்கள். மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள்.

சாமிக்கும் புழுக்கம்

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருப்பது புதுமண்டபம். பெயர்தான் புது. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. எதற்காகக் கட்டினார்? சாமிக்குப் புழுங்கக் கூடாது என்பதற்காக!

வைகாசி வசந்த விழாவில் மீனாட்சியும் சொக்கரும் இங்கே எழுந்தருளுவார்கள். மண்டபத்தைச் சுற்றி அகழி போல ஒரு கால்வாய் உண்டு. அதில் தண்ணீரை நிரப்பினால், தண்ணீரின் மேல் பட்டு வரும் காற்று குளுகுளுவென்று உள்ளே வரும். மின்விசிறி இல்லாத காலத்து வேலை! பிற்காலத்தில் இங்கே தையல்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் நிறைந்தார்கள். சிலைகளுக்கு நடுவே தையல் மெஷின் ஓடியது. அந்தக் கடைகள் பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.

அழகரையும் ஜனங்கள் வெயிலில் வாட விடுவதில்லை. அழகர்கோவிலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வந்து அவர் வைகை ஆற்றில் இறங்குகிறார். பக்தர்கள் தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சி அடிக்கிறார்கள். சாமியும் குளிர்கிறது, கூட்டமும் குளிர்கிறது.

மோரா, ஜிகர்தண்டாவா?

நடுப்பகலில் நடக்கவே கூடாது. சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள். மதுரைக்காரர்களே "வெயில் தாழப் போகலாம்" என்றுதான் சொல்வார்கள்.

பாலும் கடற்பாசியும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் சேர்ந்த ஜிகர்தண்டா நாக்குக்குச் சுகம். தாகத்துக்கு அது போதாது. உப்புப் போட்ட நீர்மோர்தான் மருந்து. யாருக்காவது தலைவலி, குமட்டல் வந்தால் உடனே நிழலில் உட்கார வைத்து, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் மகாலுக்கு நடக்கலாம். 1636-ல் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனை. இன்று நிற்பது பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்குதான் என்பார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் பாதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். தாத்தா கட்டினார், பேரன் பிரித்தார்! மிஞ்சியதைப் பழுது பார்க்க ஏற்பாடு செய்தவர் வெள்ளைக்கார கவர்னர் நேப்பியர்.

உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். அவ்வளவு பெரிய குவிமாடத்துக்கு உத்தரமே கிடையாது. எல்லாம் செங்கல், சுண்ணாம்பு. சூடான காற்று மேலே ஏறிவிடுகிறது. கீழே நிற்பவர்களுக்கு இதம்.

அங்கிருந்து கிழக்கே சுமார் 3 கிலோமீட்டரில் வண்டியூர் தெப்பக்குளம். கால் வலித்தால் டவுன் பஸ் உண்டு. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் இந்தக் குளமாயிற்று என்று சொல்வார்கள். வைகைத் தண்ணீர் கால்வாய் வழியாக வரவேண்டும். கால்வாய் அடைபட்டதால் குளம் பல ஆண்டு வறண்டது. பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். தைப்பூசத் தெப்பம் தண்ணீர் இல்லாமல் நிலையிலேயே நின்றதும் உண்டு. பிறகு கால்வாயைச் சீர் செய்தார்கள். தண்ணீர் வந்தது.

சூரியன் சாயும் நேரத்தில் சுற்றுச் சுவரில் உட்காருங்கள். கல் இன்னும் சுடும், துண்டை விரித்துக்கொள்ளுங்கள். நடுவே மைய மண்டபம், அதைச் சுற்றி மரங்கள். அந்தப் பக்கமிருந்து காற்று வரும்.