அக்காவுக்குத் தம்பியின் மஜ்ஜை: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

மூத்தவளுக்குத் தலசீமியா (உடலால் நல்ல சிவப்பணுக்களைப் போதிய அளவு உருவாக்க முடியாத பரம்பரை ரத்த நோய்). மாதம் தவறாமல் ரத்தம் ஏற்றுகிறீர்கள். எலும்பு மஜ்ஜையை (எலும்புக்குள் இருந்து ரத்த அணுக்களை உண்டாக்கும் மென்மையான பகுதி) மாற்றினால் குணமாக வாய்ப்பிருக்கிறது என்கிறார் டாக்டர். "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்கிறார். வீட்டில் ஐந்து வயதில் ஒரு மகன், நோய்நொடி இல்லாதவன். இந்தக் கட்டுரை அவனைப் பற்றியது.

பெற்றோர் நாங்கள் கொடுக்கக் கூடாதா? தாராளமாகக் கேளுங்கள். ஆனால் மஜ்ஜை சேர்வதற்கு ரத்தப் பிரிவைவிட எச்.எல்.ஏ. (இது என் உடல், இது அந்நியம் என்று உடல் பிரித்தறிய உதவும் உயிரணு அடையாளம்) பொருந்துவதுதான் முக்கியம். பிள்ளை அதில் பாதியை அம்மாவிடமிருந்தும் பாதியை அப்பாவிடமிருந்தும் பெறுகிறது. அதனால் பெற்றோர் பெரும்பாலும் பாதிதான் பொருந்துவார்கள். உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பாதிப் பொருத்தத்திலும் இப்போது மாற்று சிகிச்சை செய்கிறார்கள். என்றாலும் தலசீமியாவுக்கு முழுதாகப் பொருந்தும் உடன்பிறப்பைத்தான் முதலில் தேடுவார்கள்.

இது புதுச் சோதனை முயற்சியா? இல்லை. 1983-இல் மும்பை டாடா மருத்துவமனையில் நடந்த இந்தியாவின் முதல் மஜ்ஜை மாற்றமே ரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு சிறுமிக்கு அவள் சகோதரன் கொடுத்ததுதான். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் செய்கிறார்கள்.

அவனை என்ன செய்வார்கள்? முழு மயக்க மருந்து கொடுத்துக் குப்புறப் படுக்க வைப்பார்கள். இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில் ஊசியைச் செலுத்தி, ரத்தம் போலவே இருக்கும் மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். ஒன்று, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கத்தி வைப்பதில்லை, தையலும் தேவையில்லை.

முதுகுத்தண்டில் குத்தினால் கால் விளங்காமல் போய்விடாதா என்று பாட்டிகள் பதறுவார்கள். முதுகுத்தண்டை யாரும் தொடுவதே இல்லை. எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் திரும்ப ஊறிவிடும். வளர்ச்சி குன்றாது.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? உண்டு, சிறியது. இடுப்பில் சில நாள் வலி இருக்கும், வலி மாத்திரை தேவைப்படும். அரிதாக ரத்தக் கசிவோ தொற்றோ வரலாம். மயக்க மருந்தால் வரும் பெரிய சிக்கல் மிக மிக அரிது, ஆனாலும் பூஜ்யம் என்று எந்த டாக்டரும் எழுதித் தர மாட்டார்.

குழந்தைக்கென்று தனியாக உள்ள கவலை அளவு. பொதுவாகக் கொடுப்பவரின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிக்கு மேல் எடுப்பதில்லை. உங்கள் மகன் 15 கிலோ என்றால் அதிகபட்சம் 300 மில்லி. அவன் உடலில் ஓடும் மொத்த ரத்தமே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அக்கா அவனைவிட ரொம்பப் பெரியவளாக இருந்தால், அவளுக்கு வேண்டிய அளவும் அவன் தாங்கும் அளவும் ஒத்துவராமல் போகலாம். அவனுக்கே ரத்தம் ஏற்றும்படி ஆகலாம். எனவே "எத்தனை மில்லி எடுப்பீர்கள், அது போதாவிட்டால் என்ன செய்வீர்கள், இவன் எடை கூடும்வரை காத்திருக்கலாமா" என்று கேளுங்கள். தலசீமியாவில் பெரும்பாலும் சில மாதங்கள் காத்திருக்க முடியும். ரத்தப் புற்றுநோயில் அந்த அவகாசம் பல நேரம் கிடைக்காது.

மகனுக்கும் தலசீமியா மைனர் (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமக்கும் நிலை) இருந்தால்? பொதுவாக அது தடையில்லை, அவன் கொடுக்கலாம்.

இனி உண்மையில் கடினமான கேள்வி. அவன் உடலுக்கு எந்த நன்மையும் இல்லாத ஒன்றுக்கு நீங்கள் கையெழுத்துப் போடலாமா? அக்கா பிழைத்தால் அவனுக்கும் அக்கா இருப்பாள், அதுவே அவன் பெறும் நன்மை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் நியாயம். நானும் அதை ஏற்கிறேன். ஆனால் அது உறவு இருக்கும் இடத்தில்தான் செல்லும். அமெரிக்காவின் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு 1990-இல் ஒரு வழக்கு வந்தது. ரத்தப் புற்றுநோய் கண்ட மகனுக்காக, வேறொரு தாயிடம் வளரும் தன் மூன்றரை வயது இரட்டையரைப் பரிசோதிக்க வேண்டும் என்று தந்தை கேட்டார், தாய் மறுத்தார். பிள்ளைகளுக்குள் நெருங்கிய பழக்கம் இல்லை, கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒன்றுவிட்ட அண்ணனுக்கோ சித்தப்பாவுக்கோ உங்கள் பிள்ளையைக் கேட்கிறார்களா? முதலில் இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2010-இல் வகுத்த நெறியும் இந்த நெருக்கத்தையே நிபந்தனையாக்குகிறது. அதே அளவு பொருந்தக்கூடிய, கொடுக்க மனமுள்ள பெரியவர் ஒருவர் உறவில் இருந்தால் குழந்தையைத் தொடக் கூடாது என்கிறது. கொடுக்கும் குழந்தைக்காக மட்டும் பேச, சிகிச்சைக் குழுவில் சேராத ஒருவர் வேண்டும் என்றும் கேட்கிறது. இங்கிலாந்தில், தானே முடிவெடுக்க முடியாத வயதுப் பிள்ளை என்றால் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து பேசி, அரசு அமைப்பு அனுமதித்த பிறகே எடுக்க முடியும்.

இதெல்லாம் எதற்கு, பெற்றோரைவிடப் பிள்ளை மேல் அக்கறை யாருக்கு என்று கோபம் வரலாம். அக்கறையில் குறையில்லை. ஒரு பிள்ளை சாகக் கிடக்கும்போது மற்றப் பிள்ளையின் வலியை எடைபோட எந்தத் தாய்க்கும் முடியாது, அவ்வளவுதான். அதனால் தம்பியைப் பரிசோதிப்பவர் அக்காவுக்கு வைத்தியம் பார்ப்பவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் அந்த ஏற்பாடு இல்லையென்றால், வழக்கமாக அவனைப் பார்க்கும் குழந்தை டாக்டரிடமே கருத்துக் கேட்கலாம். அதையும் எச்.எல்.ஏ. பரிசோதனைக்கு முன்பே செய்துவிடுங்கள். பொருந்துகிறது என்ற தாள் கையில் வந்த பிறகு 'வேண்டாம்' என்று சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வராது.

ஐந்து வயதுப் பிள்ளையிடம் எதைக் கேட்பது? சம்மதம் என்று பெரிய வார்த்தை வேண்டாம். தூங்க வைப்பார்கள், எழுந்தால் இடுப்பு வலிக்கும், அம்மா பக்கத்தில் இருப்பேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் டாக்டர் தனியாகப் பேசட்டும். மறுத்தால் காரணம் கேளுங்கள், பல நேரம் ஊசிப் பயமாகத்தான் இருக்கும்.

இந்தப் பேச்சுக்கும் ஒரு கெடு உண்டு. அக்காவுக்கு வீரியமான மருந்து கொடுத்து அவள் பழைய மஜ்ஜையை அழிக்கத் தொடங்கிவிட்டால், பின்வாங்க வழியில்லை. புது மஜ்ஜை வராவிட்டால் அவள் உயிருக்கே ஆபத்து. அந்த நாட்களில் தம்பிக்குக் காய்ச்சல் வராமலும் காக்க வேண்டும்.

"நீதான்டா அக்காவுக்கு உயிர் கொடுக்கப் போறே" என்று சொல்ல உறவினர்களை விடாதீர்கள். புது மஜ்ஜை ஒட்டாமல் போவதுண்டு. ஒட்டிய மஜ்ஜை அக்காவின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்குவதும் உண்டு. அப்போது அவன் தன்னுடையது சரியில்லை என்று நினைத்துக்கொள்வான். பொருந்தாமல் போன இன்னொரு பிள்ளை வீட்டில் இருந்தால் அதுவும் உள்ளுக்குள் குமையும்.

மீண்டும் ஒருமுறை அவனைக் கேட்பார்களா என்பதையும் இப்போதே விசாரியுங்கள். சிலருக்கு இரண்டாம் முறை மஜ்ஜையோ வெள்ளணுக்களோ தேவைப்படும். வீடு திரும்பியதும் அவனுக்கு ஹீமோகுளோபின் எப்போது பார்ப்பார்கள், இரும்புச்சத்து மருந்து எத்தனை வாரம், ஓடியாடி விளையாட எப்போது விடலாம் என்று அவன் பெயரில் தனிச் சீட்டு எழுதி வாங்குங்கள். அந்தச் செலவு யார் கணக்கில் வரும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.