படத்தொகுப்பும் பணிப்பிரதியும்

அம்பிட்டியவிலிருந்து கண்டி நகருக்கு இறங்கிச் சென்று, எசல பெரஹராவைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வரும் மாணவர் இன்று பலர். அப்படங்களைக் கணினியிலிட்டுத் தொகுக்கப் புகும்போதே தொல்லை தொடங்குகின்றது. காலக்கோட்டிற் படம் திக்கித் திக்கி நகரும். முரசொலி ஒரு புறமும் ஆடுவோர் அடி மற்றொரு புறமுமாகப் பிரிந்து நிற்கும். எவ்விடத்தில் வெட்டுவது என்பதைக் கண்ணும் செவியும் சேர்ந்தே தீர்மானித்தல் வேண்டும். படம் தன் வேகத்தில் ஓடாவிடின் அத்தீர்மானம் வெறும் ஊகமாகிவிடும். புதுக் கணினி வாங்கினாலன்றி ஆகாதெனச் சோர்ந்து, முயற்சியையே கைவிடுவோரும் உளர். பெரும்பாலும் அச்செலவு வேண்டாததென்பதே நம் கருத்து.

தடங்கலின் காரணம் யாது? செக்கனுக்கு 25 தனிப்படங்கள் ஓடுமெனின், ஒவ்வொன்றையும் ஆயத்தஞ் செய்யக் கணினிக்குக் கிடைப்பது 40 மில்லிசெக்கன் மட்டுமே. 4கே தனிப்படம் ஒன்றில் 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உள. பதிவுமுறையிலுள்ள சிக்கலோ அதனினும் பெரிது. 2003இல் வகுக்கப்பட்ட எச்.264 போன்ற முறைகள், இடையிடையே ஒரு படத்தை முழுமையாகவும் ஏனையவற்றில் மாற்றங்களை மட்டுமே பெரும்பாலும் பதிகின்றன. கடைக்காரர் மாதத் தொடக்கத்தில் இருப்பை முழுவதும் எழுதிப் பின்னர் நாள்தோறும் வரவு செலவை மட்டுங் குறிப்பதை இஃது ஒக்கும். 17ஆம் நாளின் இருப்பை அறிய முதல் நாளிலிருந்தே கூட்டிக் கழித்து வரவேண்டுமன்றோ? கோப்பின் அளவைச் சுருக்கும் இம்முறை, முன்னும் பின்னும் தாவித் தொகுப்போர்க்குச் சுமையாகின்றது.

இதற்குரிய பரிகாரம் பழையது. படச்சுருட் காலத்துத் தொகுப்பாளர் மூல நெகடிவ்வைத் தொடார். அதனின்றெடுத்த பணிப்பிரதியையே வெட்டி ஒட்டிப் பார்ப்பர். முடிவானபின் விளிம்பெண்களைக் கொண்டு நெகடிவ் வெட்டப்படும். 1989இல் அவிட் என்னும் கணினித் தொகுப்பு முறை வந்தது. 1994இல் வெளியான 'மகாநதி', அதனைக் கையாண்ட முதல் இந்தியப் படமாகக் குறிக்கப்படுகின்றது. அந்நாட் கணினிகள் முழுத்தரப் படத்தைத் தாங்கமாட்டாமையால், தரங்குறைத்த பிரதியிலேயே தொகுப்பு நிகழ்ந்தது.

இன்று புரொக்ஸி எனப்படுவதும் அப்பணிப்பிரதியே. டாவின்சி ரிசால்வ் முதலிய மென்பொருள்கள் அதனைத் தாமே ஆக்கித் தரும். 1280 × 720 அளவு போதும். 4கே படத்தின் புள்ளிகளில் ஒன்பதில் ஒரு பங்கே அஃது. ஒவ்வொரு தனிப்படத்தையும் முழுமையாகச் சேமிக்கும் புரோரெஸ், டி.என்.எக்ஸ்.எச்.ஆர். வகைகளைத் தேர்தல் நன்று. கோப்பு சற்றுப் பருக்கினும் கணக்கிடும் வேலை குறையும்.

வேறு சில உபாயங்களும் உள. பார்வைத் தரத்தை அரையாக்கினால் புள்ளிகள் காலாகும். நிறத்திருத்தம் முதலியன செய்த பகுதிகளை முன்கூட்டியே கணித்துச் சேமித்து வைக்கலாம். சுழலும் பழைய வன்தட்டினின்று எஸ்.எஸ்.டி.க்குக் கோப்புகளை மாற்றலாம். கைத்தொலைபேசிப் படங்களின் வேகம் இடையிடையே மாறுவதுண்டு. தொகுக்குமுன் அதனைச் சீராக்கிக் கொள்ளல் வேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது. நிறமும் கூர்மையும் மூலப்படத்திலேயே சோதிக்கத்தக்கன. இறுதி வெளியீடும் மூலத்தினின்றே எடுக்கத்தக்கது. ஆதலின் மூலக்கோப்புகளை இரண்டிடங்களிற் பேணுக. பணிப்பிரதி அழியின் மீண்டும் ஆக்கலாம். மூலம் அழியின் அவ்விழா நாளை மீட்டல் எவர்க்கும் இயலாது.