தாராவியிலிருந்து டெல்லிக்கு நிற்கலாம், தாராவிக்கு நிற்க முடியாது

மும்பை தாராவியின் 90 அடி சாலையில் மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பு எல்லாம் மளமளவென்று ஓடும். சாதிச் சான்றிதழ் என்று வந்தால்தான் பேனா நின்றுவிடும். “அண்ணாச்சி, அப்பாவோட திருநெல்வேலி சர்ட்டிபிகேட் இருக்கு. இத வச்சு இங்க ஒண்ணு வாங்கிரலாம்லா?” என்று பிளாஸ்டிக் கவரைப் பிரிப்பார்கள். ஆதி திராவிடர் என்று தாசில்தார் முத்திரையோடு இருக்கும். இங்கே செல்லாது. பட்டியல் சாதிகளை மாநிலவாரியாகத்தான் அறிவித்திருக்கிறார்கள். சாதி மகாராஷ்டிரப் பட்டியலில் இருக்க வேண்டும். 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்குத் தாளும் வேண்டும். வேறு மாநிலச் சான்று செல்லாது என்று, மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் 1994-இல் சொல்லிவிட்டது.

படிப்புக்கும் வேலைக்கும் மட்டும்தான் இந்தச் சங்கடம் என்று பலர் நினைக்கிறார்கள். தேர்தலுக்கும் உண்டு. தாராவி சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 5-ஆவது பிரிவுப்படி, அங்கே நிற்பவர் இந்த மாநிலத்துப் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். மூன்று தலைமுறையாகத் தாராவியில் கிடந்து உழைக்கும் தமிழ் தலித் குடும்பத்துப் பிள்ளை, தன் தெருவுக்கே வேட்பாளராக முடியாது. அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவோ மக்களவைத் தனித் தொகுதிக்கு எந்த மாநிலத்துப் பட்டியல் சாதியானாலும் சரி என்கிறது. தாராவி அடங்கிய தென் மத்திய மும்பை மக்களவைத் தொகுதி பொதுத் தொகுதி. அங்கே சாதிக் கேள்வியே கிடையாது.

சரி, இத்தனை தமிழர் இருந்தும் மும்பையில் ஏன் ஒரு தமிழ்க் கட்சி தலையெடுக்கவில்லை? ஒற்றுமை இல்லை என்பார்கள் சங்கத்துப் பெரியவர்கள். எனக்கு அது பாதிதான் உண்மை. மாதுங்காவின் தமிழர் ஒரு சட்டமன்றத் தொகுதி, செம்பூர்க்காரர் இன்னொன்று, நாங்கள் வேறொன்று. எங்கேயும் பெரும்பான்மை இல்லை. ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவர் முழுத் தொகுதியையும் எடுத்துக்கொள்ளும் முறையில், தோற்றவரின் ஓட்டுக்கு மதிப்பே இல்லை. அதனால் ஜனங்கள் ஜெயிக்கிற பக்கம் சாய்வார்கள், சின்னக் கட்சி கரையும். பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் டுவெர்ஜே 1950-களிலேயே எழுதிவைத்த விதி இது.

2014 சட்டமன்றத் தேர்தலில் ஒரு கதவு திறந்தது. செப்டம்பர் 25 அன்று சிவசேனை–பாஜக கூட்டணி உடைந்தது. அன்றே காங்கிரசும் தேசியவாத காங்கிரசும் பிரிந்தன. மும்பையின் சயான் கோலிவாடா தொகுதியில் நாலு பெரிய கட்சிகளும் தனித்தனியாக மோதின. ஓட்டு சிதறிய அந்தப் போட்டியில் பாஜகவின் தமிழ் வேட்பாளர் கேப்டன் தமிழ்ச்செல்வன் சுமார் 40,000 ஓட்டில், 4,000-க்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். பிறகு 2019, 2024 என்று தொடர்ந்து ஜெயித்தது அவர் உழைப்பாக இருக்கலாம். முதல் வெற்றியில் அந்த நாலுமுனைப் போட்டிக்கும் பங்குண்டு.

கொழும்பைப் பாருங்கள். இலங்கையின் 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. மாவட்டம் முழுக்க ஒரே தொகுதி; ஓட்டுக்கு ஏற்ற இடம்; பட்டியலில் பிடித்தவருக்கு விருப்பு வாக்கும் இப்போது உண்டு. அங்கேயும் தமிழர் வார்டு வார்டாகச் சிதறித்தான் வாழ்கிறார்கள். ஆனாலும் பெரிய கூட்டணியின் பட்டியலில் நின்று, அந்தச் சிதறிய ஓட்டைத் திரட்டி, தமிழ் அரசியல்வாதி மனோ கணேசன் 2001 முதல் பலமுறை நாடாளுமன்றம் போனார். தனக்கென்று ஒரு கட்சியையும் காப்பாற்றிக்கொண்டார்.

இந்தியாவில் தேர்தல் முறையையே மாற்றுவது என் காலத்தில் நடக்காது. 5-ஆவது பிரிவை 4-ஆவது பிரிவு போலத் திருத்துவது நடக்கக்கூடிய காரியம். இந்த மண்ணின் பட்டியல் சாதியான மகார் மக்களுடைய இடத்தைப் பறிப்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், உட்கார்ந்து பேசலாம். அடுத்த தேர்தலுக்குத் தமிழ்நாட்டுத் தலைவர்களை அழைத்து வந்து மேடை போடுவார்கள். கைதட்டுவதற்கு முன்னால் இந்தத் திருத்தத்துக்கு நாடாளுமன்றத்தில் குரல் கொடுப்பார்களா என்று கேளுங்கள். மனு வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.