கடல் வீட்டுக்கு வந்த விருந்தினர்

விருந்தினர் வருகிறார் என்ற செய்தி கிடைத்தவுடன் நம் இல்லங்களில் என்ன நடக்கும் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூடத்தில் பாய் விரிப்போம். அண்டை வீட்டிலிருந்து தலையணை இரவல் வரும். ஒரு குடம் தண்ணீர் தீர்ந்தால் மறு குடம் எடுத்து வைப்போம். அண்டை வீடும் இல்லாத, மறு குடமும் இல்லாத ஓர் இல்லத்துக்கு விருந்தினர் வந்தால் என்ன செய்வது? சற்று எண்ணிப் பாருங்கள்.

என் மூத்த சகோதரியின் மகனும் அவன் மனைவியும் அத்தகைய இல்லத்தில்தான் வாழ்கின்றனர். மலேசியாவின் கெடா மாநிலத்தைச் சேர்ந்த லங்காவியில், 38 அடி நீளமுள்ள பாய்மரப் படகு ஒன்றே அவர்களது வீடு. லங்காவி ஒரே தீவன்று. 99 தீவுகளின் கூட்டம். படகுகளில் குடியிருக்கும் பல நாட்டுக் குடும்பங்களை அங்கே காணலாம். பினாங்கில் பொறியாளராக இருந்த என் மருமகன், இப்போது கணினி வழியே தன் தொழிலைப் படகிலிருந்தே செய்து வருகிறான்.

லாத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. "நம்ம வாப்பா வயித்துப் பாட்டுக்காக ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனாங்க. இவனுக்கு என்ன குறை, தரையை விட்டுட்டுத் தண்ணியில கிடக்குறான்?" என்பார். நான்கு ஆண்டுகள் அவர் மகனைக் காணச் செல்லவில்லை.

அந்த இடைவெளியில் முதல் விருந்தினராகச் சென்றவர்கள் மருமகளின் தங்கை குடும்பத்தார். கணவன், மனைவி, இரு பிள்ளைகள். நம் பள்ளிகளின் விடுமுறைக் காலமான மே மாதத்தில் சென்றார்கள். விடுமுறை நமக்கு வசதியானதுதான். ஆனால் அக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் காலம் அது.

முதலில் தீர்ந்தது தண்ணீர். படகின் தொட்டிகளில் கொள்வது 400 லிட்டர். கணவனும் மனைவியும் ஆளுக்கு நாளொன்றுக்குப் 10 லிட்டராகச் செலவிட்டால் அது 20 நாளைக்குப் போதும். வந்தவர்கள் நால்வரும், சிக்கனமாகத்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டே, ஆளுக்கு 25 லிட்டர் செலவிட்டார்கள். நான்காம் நாள் காலை குழாயில் காற்றுத்தான் வந்தது. விருந்தினரிடம் தண்ணீரைக் குறைத்துச் செலவிடுங்கள் என்று சொல்ல நம்மவருக்கு நா எழுமா? மருமகளுக்கும் எழவில்லை. கூச்சத்தால் சொல்லாமல் விட்டது பின்னர் கோபமாக வெளிப்பட்டது.

இரண்டாவது இடர் தேதி. அவர்கள் ஊர் திரும்ப வேண்டிய விமானம் பினாங்கிலிருந்து புறப்படுவது. லங்காவியிலிருந்து பினாங்கு ஏறத்தாழ 60 கடல் மைல். மணிக்கு 5 மைல் ஓடும் படகுக்கு 12 மணி நேரப் பயணம். "படகிலேயே கொண்டுபோய் விடுகிறேன்" என்று மருமகன் வாக்களித்திருந்தான். புறப்பட வேண்டிய நாளில் வானம் சரியில்லை. தனித்திருந்தால் அவன் நங்கூரத்தை எடுத்திருக்கவே மாட்டான். விமானச் சீட்டு கையில் இருந்ததால் மாலையில் எடுத்தான். நள்ளிரவுக்குப் பின் ஒரு புயற்காற்று வந்தது. மலாக்கா நீரிணையில் இக்காற்றுக்குச் 'சுமத்ரா' என்றே பெயர். அத்தீவின் பக்கமிருந்து இரவில் திரண்டு, பெரும்பாலும் விடியலுக்கு முந்திய நேரத்தில் இடி மழையோடு வந்து அடிக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்தும் விடும். ஆனால் அந்த நேரம் முழுவதும் பிள்ளைகள் இருவரும் அணியத்து அறையில் வாந்தி எடுத்து அழுதார்கள். தாயார் கலிமாவை ஓதியவாறே அவர்களை அணைத்துக்கொண்டு கிடந்தார்.

அல்லாஹ்வின் அருளால் யாருக்கும் தீங்கில்லை, விமானமும் தவறவில்லை. ஆயினும் அதன்பின் ஓராண்டுக் காலம் அக்காளும் தங்கையும் பெருநாள் வாழ்த்தோடு பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

"தவறு காற்றின் மீதில்லை மாமா, என் மீதுதான்" என்று மருமகன் என்னிடம் ஒப்புக்கொண்டான். படகில் வாழ்வோர் தம் உறவினரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டிய செய்தி ஒன்று உண்டாம். எந்த இடத்தில் சந்திப்பது என்பதை விருந்தினர் முடிவு செய்யலாம். அல்லது எந்த நாளில் என்பதை முடிவு செய்யலாம். இரண்டையும் அவரே முடிவு செய்ய இயலாது. நாள் உறுதியென்றால், படகு எங்கே நிற்கிறதோ அங்கே விருந்தினர் விமானத்திலோ பயணக் கப்பலிலோ வந்து சேர வேண்டும். எவ்வளவு எளிய செய்தி! ஆனால் உறவினரிடம் இதைச் சொல்வதற்குத்தான் எவ்வளவு தயக்கம்.

சென்ற ஆண்டு லாத்தா மனம் இரங்கினார். துணையாக நானும் சென்றேன். இம்முறை அவன் ஜனவரி மாதத்தைத் தேர்ந்தெடுத்தான். அப்போது வடகிழக்குக் காற்று நிலத்திலிருந்து வீசுவதால் கடல் அமைதியாக இருக்கும், மழையும் குறைவு. வரவும் போக்கும் லங்காவி விமான நிலையத்திலேயே. பினாங்கு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

லாத்தாவுக்கு மூட்டுவலி. ரப்பர் படகிலிருந்து ஏணியில் ஏறச் சொன்னால் அங்கேயே திரும்பியிருப்பார். அதனால் முதல் மூன்று நாட்களும் படகை நடுக்கடலில் நிறுத்தாமல் மிதவைத் துறையில் கட்டி வைத்திருந்தான். அத்துறை நீரோடு ஏறி நீரோடு இறங்குவதால், எந்த வேளையிலும் ஒரே உயரத்தில் படகுக்குள் கால் வைக்கலாம்.

நாங்கள் கொண்டுபோன பண்டங்களில்தான் முதல் சிக்கல். முறுக்கும் ஊறுகாயும் கருவாடும் நிறைந்த இரண்டு அட்டைப் பெட்டிகளை மருமகள் துறையிலேயே பிரித்து, பொருட்களை மட்டும் உள்ளே எடுத்துச் சென்றார். பெட்டிகள் படகுக்குள் வரவில்லை. லாத்தாவின் முகம் வாடியது. அட்டையின் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருந்தால் போதும், படகு முழுவதும் பரவிவிடும். பிறகு ஒழிப்பது கடினம் என்று மருமகள் பொறுமையாக விளக்கினார். நம் வீட்டுச் சமையலறையை எண்ணிப் பார்த்தேன், வாய் திறக்கவில்லை. எங்கள் கெட்டியான பயணப் பெட்டிகளும் அங்கே இடைஞ்சல்தான். மடித்து வைக்கத் தக்க துணிப்பையே படகுக்கு ஏற்றது.

தண்ணீரைப் பற்றி இம்முறை மருமகள் கூசவில்லை. "மாமி, ஒளூவுக்குக் கடல் தண்ணியே போதும். குளிக்கவும் கடல் தண்ணி, கடைசியா மேல ஊத்த நல்ல தண்ணி ரெண்டு குவளை" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கடல் நீரில் ஒளூச் செய்வது கூடும் என்பது லாத்தா சிறு வயதில் மதரஸாவில் ஓதியதுதான்; ஆனால் வாழ்நாளில் அன்றுதான் அதைச் செய்தார்.

நான்காம் நாள் தாயாங் புந்திங் தீவின் பக்கம் சென்று நங்கூரமிட்டோம். அத்தீவில் மலைகளுக்கு நடுவே ஒரு நன்னீர் ஏரி உண்டு. கடலுக்கும் அதற்கும் இடையே ஒரு பாறைச் சுவர்தான். போகும் வழியில் லாத்தாவுக்குத் தலை சுற்றத் தொடங்கியது. மருமகன் அவரைக் கீழே படுக்க விடவில்லை. கீழே இருந்தால் குமட்டல் மிகும் என்று சொல்லி, மேல்தளத்தில் தன்னருகே அமர்த்தி, சுக்கான் சக்கரத்தை அவர் கையில் கொடுத்தான். "உம்மா, அந்த மலை உச்சியை மட்டும் பாருங்க; அதை விட்டு விலகாம ஓட்டுங்க" என்றான். தொலைவில் அசையாத ஒன்றைக் கண் பற்றிக்கொண்டால் தலைசுற்றல் தணியும். கைக்கும் வேலை கிடைத்தது. ஒரு மணி நேரம் அவர் வாய் பேசாமல் படகைச் செலுத்தினார். காற்று மெலிதாக இருந்ததும் உதவியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மாலைத் தொழுகையில் ஒரு வேடிக்கை. அங்கே கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும். திசைகாட்டி பார்த்து விரிப்பைப் போட்டுத் தந்தான். நங்கூரமிட்ட படகோ நீரோட்டம் மாறும்போது தானும் திரும்பும். சலாம் கொடுத்துவிட்டு லாத்தா நிமிர்ந்தபோது, முன்னே இருந்த மலை பக்கவாட்டுக்குப் போயிருந்தது. அவர் திகைத்து என்னைப் பார்த்தார்; பிறகு சிரித்தார். அப்பயணத்தில் அவர் சிரித்தது அதுவே முதன்முறை.

அணியத்து அறையை எங்கள் லாத்தாவுக்குக் கொடுத்துவிட்டு, மகனும் மருமகளும் நடுக்கூடத்து இருக்கைகளில் உறங்கினார்கள். நான் மேல்தளத்தில். ஓர் இரவு மூன்று மணிக்கு நங்கூரச் சங்கிலி உராயும் ஓசை கேட்டு மருமகன் எழுந்து வந்தான். விளக்கைப் பிடித்துக் கரையையும் ஆழத்தையும் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்தான். தலைக்கு மேலிருந்த சாளரம் வழியே லாத்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"தெனமும் இப்படித்தான் எந்திரிப்பியா?" என்று காலையில் கேட்டார்.

"காத்து மாறுனா எந்திரிப்பேன் உம்மா."

"உங்க அப்பாவும் இப்படித்தான் கடலுக்கு நடுவுல முழிச்சிருந்திருப்பாங்க" என்றார். அப்பா என்றது எங்கள் வாப்பாவை. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மகனைக் கரைக்கு வந்துவிடு என்றும் சொல்லவில்லை. இங்கேயே இரு என்றும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து ஊர் திரும்பினோம். சென்ற வாரம் லாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய கைலித் துணியில் வார் வைத்து இரண்டு பைகள் தைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். முறுக்குக்கு ஒன்று, கருவாட்டுக்கு ஒன்று என்றார்.