நாலு பரப்பில் திரும்புமா?

புரட்டாதி பிறந்தால் தென்மராட்சி வயல்களில் உழவு இயந்திரங்களின் இரைச்சல் ஓயாது. புதிதாக ஒன்று வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைவலு?" என்றுதான். யாழ்ப்பாணத்தில் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "எவ்வளவு இடத்தில் திரும்பும்?"

பதினாறு பரப்பு சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்கள் பலவும் சில பரப்புகளே. ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் கிணறும் வாய்க்காலும்.

வலு எங்கே போகிறது?

நமக்குப் பழகிய மசி பேர்குசன் 240ஐ எடுத்துக்கொள்வோம். மூன்று சிலிண்டர், 2.5 லீற்றர் டீசல் எஞ்சின், ஏறத்தாழ 50 குதிரைவலு. முன்னே ஓட 8 கியர், பின்னே வர 2. எஞ்சினின் வலு முழுவதும் ரொட்டவேற்றருக்குப் போய்ச் சேராது. அதைச் சுழற்றும் பின்தண்டுக்கு வருவதற்குள் ஒரு பகுதி குறைந்துவிடும். ஆகவே விபரத்தாளில் பின்தண்டின் வலுவையும் பாருங்கள். அத்தண்டு நிமிடத்துக்கு 540 தடவை சுழல்வதே வழமை.

காலடியில் இருப்பவை

பின்சில்லுகள் இரண்டுக்கும் தனித்தனி பிறேக் உண்டு. இடப்பக்க பிறேக்கை மட்டும் மிதித்து ஸ்ரியறிங்கை இடப்பக்கம் ஒடித்தால், வேலி மூலையிலும் இயந்திரம் சுருக்கமாகத் திரும்பும். வீதிக்கு ஏறுமுன் இரண்டையும் கொளுவியால் இணைத்துவிட வேண்டும். மறந்து வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் குடைசாயும்.

இரட்டைக் கிளச்சைப் பாதி மிதித்தால் ஓட்டம் நிற்கும், ரொட்டவேற்றர் சுழன்றபடி இருக்கும்; முழுதாக மிதித்தால் அதுவும் நிற்கும். சேற்றில் ஒரு சில்லு வீணாகச் சுற்றினால், டிபரன்ஷல் பூட்டு இரண்டையும் சேர்த்து உருட்டும். திரும்புமுன் பூட்டை விடுவிக்க வேண்டும்.

மண்ணை உணரும் கலப்பை

பாரம் தூக்குவது மட்டுமல்ல ஹைட்ரோலிக்கின் வேலை. வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் கிடக்கிறது. மண்ணின் ஆழமும் இறுக்கமும் எங்கும் ஒன்றல்ல. கலப்பைக்கு இழுவை கூடும்போது மேலிணைப்புத் தண்டு அதை உணர்த்த, ஹைட்ரோலிக் கலப்பையைச் சற்று உயர்த்தும். இழுவை குறைந்ததும் மீண்டும் இறக்கும். வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பேர்குசன் 1920களில் உருவாக்கிய முறை இது.

விலை பேசுமுன் இயந்திரத்தை உங்கள் மிகச் சிறிய தோட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கலப்பையோடு வேலி மூலையில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். உழாமல் மிஞ்சும் மண்ணை நீங்கள்தான் மண்வெட்டியால் கொத்தவேண்டி வரும்.